பாட்டுக் கேட்கும் கருவி

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி என்று கேட்க மாட்டேன். நேற்றுத்தான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்தேனே.

பார்த்தேன். பேசினேன் என்று சொல்ல முடியாது. ரிசீவரை இரண்டு பேரும் காதில் வைத்துக்கொண்டோம். நான் பேசினேன், நீ தலையாட்டினாய். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். எனக்குச் சந்தேகம் தட்டியது. கையால் வாயை மறைத்துக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டு வேலைய விட்டுட்டேன்டா, சர்க்கஸ்ல சேரப்போறேன், சிங்கத்துக்குப் பல்லு தேச்சு விடுற வேலை" என்றேன். "ரொம்ப நல்லதுக்கா" என்றாய். பக்கத்தில் நின்ற வார்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் இரண்டு காதும் தெரிந்தன. வலது காதில் அது இல்லை.

எங்கே போயிற்று?

எந்த வண்டி எந்த நடைமேடை என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் கத்துகிறவள் நான். ஊருக்கே கேட்கிற குரல். உன்னிடம் பேச மட்டும் முன்னால் வந்து நிற்க வேண்டும். அது எனக்குச் சிறு வயதுப் பழக்கம். அந்தக் கண்ணாடியோ புகை படிந்து கிடக்கிறது, உதடு தெரியாது. ஆகவே இனிமேல் கடிதம்.

அம்மா இன்னும் சாப்பாட்டு நேரத்தில் உன் அறை விளக்கின் சுவிட்சை இரண்டு தடவை போட்டு அணைக்கிறாள். நீ இல்லாத அறையில். நான் பார்த்தும் பார்க்காதது போல் தட்டு எடுத்து வைக்கிறேன்.

மறைக்காமல் எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கும் கடித அறை ஐயாவும் நன்றாக இருக்க வேண்டும்.

காதுக்கருவி பழுது. சரிபார்க்கக் கொடுத்திருக்கிறேன். வந்துவிடும்.

அறையில் என்னோடு ஒருவர் இருக்கிறார். பெயிண்டர். தொழிலும் அதுதான், கூப்பிடுவதும் அப்படித்தான். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துவிட்டு, "இந்தக் கலரை அடிச்சவனைத்தான் முதல்ல உள்ள போட்டிருக்கணும்" என்கிறார். என் முகத்துக்கு நேராகத் திரும்பிப் பேசுகிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

காலையில் சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு விழுகிறது. ஒரு தீப்பெட்டி அகலம். அதற்குள் புத்தகத்தை நகர்த்தி நகர்த்திப் படிக்கிறேன். தடித்த புத்தகமாகப் பார்த்து இரண்டு அனுப்பு.

அம்மாவிடம் சொல்: சுவிட்ச் தேய்ந்துவிடும்.

வேறு செய்தி இல்லை.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

உன் நாலு வரியும் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், அதுவும் என்னிடம். பழுது என்றால் யாரிடம் கொடுத்தாய்? சிறைக்குள் யார் கடை வைத்திருக்கிறார்கள்? நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்வரை கேட்கப்போவதில்லை. இது கேள்வி இல்லை, வெறும் எரிச்சல்.

போன வாரம் என் அறிவிப்பு அறைக்கு ஒரு அம்மா சண்டைக்கு வந்தாள். "ஏழாம் நடைமேடைன்னு நீங்கதானே சொன்னீங்க? மூச்சு வாங்க ஓடினேன். அங்க குப்பை வண்டி நிக்குது. அதுல ஏறிப் போகவா?" தப்பு என்னுடையதுதான். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். வக்கீல். சிறைக் கைதிகளின் வழக்குகளை எடுத்து நடத்துகிறவளாம். பேச்சோடு பேச்சாக உன்னைப் பற்றிச் சொன்னேன். டீயை வைத்துவிட்டு, "காதுல இருந்ததை எடுத்தாங்கன்னா அது சும்மா விடுற விஷயம் இல்ல. ஆனா அவர் வாயால சொல்லணும்" என்றாள்.

ஒரு நடைமேடைக்காக இவ்வளவு தூரம் வந்து சண்டை போடுகிறவள். நம்பலாம் என்று தோன்றுகிறது.

புத்தகம் இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்று தலையணைக்கும் ஆகும்.

உன் வாயால் சொல். வேண்டாம், உன் கையால்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

நலம் என்று தொடங்கினால் மறுபடி பொய்யில் தொடங்கியது போலாகும். கடித அறை ஐயா மட்டும் நலமாக இருக்கட்டும்.

எடுத்துக்கொண்டார்கள். பழைய சிறையிலிருந்து இங்கே மாற்றப்பட்ட அன்றே. தலைமை வார்டரை எல்லாரும் சாவிக்கொத்து என்கிறார்கள். அவர் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடுமாம். எனக்கு அவர் மட்டும் வருகிறார். காதிலிருந்து அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கேட்டார். முகம் குனிந்திருந்தது, உதடு தெரியவில்லை.

தலையாட்டினேன்.

"பாட்டுக் கேக்குற மெஷினா?" என்று கேட்டாராம். அன்று பக்கத்தில் நின்றிருந்த பெயிண்டர்தான் பின்னால் சொன்னார். 'பாட்டுக் கேட்கும் கருவி. தடை செய்யப்பட்ட பொருள். கைதி ஒப்புக்கொண்டார்.' அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

நம் வீட்டு வித்தை. புரியாவிட்டால் தலையாட்டு. எதிரில் இருப்பவன் சிரித்தால் நீயும் சிரி. அம்மா சொல்லிக்கொடுத்தது. பள்ளியில் செல்லுபடியாயிற்று. கம்பெனியில் செல்லுபடியாயிற்று. என்னைத் தண்டித்த நீதிமன்றத்திலும், கூட்ட இரைச்சலில் கருவி இருந்தும் பேச்சு பிரியாமல், தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கே எண்ணிக்கை எடுக்கும்போது முதுகுப் பக்கமிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள். பதில் இல்லையென்றால் கீழ்ப்படியாமை. பெயிண்டர் என் தோளைத் தொட்டுச் சொல்லிவந்தார். அதைக் கண்டுபிடித்து அவரை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த எண்ணிக்கையிலேயே நான் தனியறை வரிசைக்கு வந்துவிட்டேன். இங்கே

(இந்த இடத்தில் சில வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

நான் செய்தது எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் பின்னாலிருந்து கூப்பிட்டாராம். லாரி இரைச்சலில் கருவி இருந்தும் கேட்கவில்லை, நான் திரும்பவில்லை. டேப் உருளையை எறிந்தார், தலையில் பட்டது. திரும்பினேன், தள்ளினேன். சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு போயிற்று. இன்னும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். அதற்குக் கொடுத்த தண்டனையை அனுபவிக்கிறேன். காதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை.

வழக்குப் போடு.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

கறுப்பு மை அடித்த இடத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கடித அறை ஐயா வேலையில் கெட்டிக்காரர். அவருக்கு என் வணக்கமும் போய்ச் சேரட்டும்.

உன் கடிதத்தைக் கடைசி வரிவரை வக்கீலம்மாவிடம் காட்டினேன். "இது போதும்" என்றாள். தலைமை வார்டர், கண்காணிப்பாளர், சிறை டாக்டர் மூன்று பேர் மேலும் வழக்கு. கருவியைத் திருப்பித் தர வேண்டும், வெளி மருத்துவமனையில் காதைச் சோதிக்க வேண்டும், கேட்காததற்காகக் கொடுத்த தண்டனைக்குப் பதில் சொல்ல வேண்டும். நேரில் உன்னைப் பார்க்க வருவாள். வக்கீல் பேச்சில் யாரும் மை பூச முடியாதாம்.

என் கூட வேலை செய்கிறவள் கேட்டாள்: "ஜெயிலுக்குப் போனவனுக்கு என்னடி உரிமை?" "அவன் காது ஜெயிலுக்குப் போகலை" என்றேன். அடுத்த வண்டியை அறிவித்தேன். குரல் கொஞ்சம் தூக்கலாகப் போயிருக்கும். மூன்றாம் நடைமேடையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கன்னம் ஒட்டியிருந்தது போல இருந்தது. கண்ணாடியின் அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

வக்கீலம்மா வந்தாள். வெள்ளைத்தாளில் கொட்டை எழுத்தில் கேள்வி எழுதி நேராகப் பிடித்தாள். இவ்வளவு நாள் கழித்து ஒரு கேள்வி முழுதாக என்னிடம் வந்து சேர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனாவால் மேசையைத் தட்டிய பிறகுதான் வாய் திறந்தேன்.

சிறை டாக்டரின் சோதனை முடிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து, "பேரென்ன? வயசென்ன?" என்றார். உதட்டைப் பார்த்துச் சொன்னேன். பின்னால் போய்க் கைதட்டினார். அவர் நிழல் சுவரில் விழுந்தது, திரும்பிவிட்டேன். காது சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். திரும்பியிருக்கக் கூடாது. கழுத்து என்னைக் கேட்காமலே வேலை செய்கிறது.

கறுப்பு மைக்குக் கீழே இருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். தட்டு விஷயம். அதை அம்மாவிடம் சொல்லாதே. எந்தக் காரணத்துக்காகவும்.

எதிர் அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் தட்டும் திரும்பித்தான் போகிறது. வயதானால் காது போகும். கதவுத் துளை வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அவர் கையை விரித்து 'என்ன செய்வது' என்று காட்டுவார். நான் விரலை ஆட்டி 'பொறுங்கள்' என்று காட்டுவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

வழக்கைப் பற்றி அம்மா என்ன சொல்கிறாள்? போன கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். மைக்கின் பஞ்சு உறை கிழிந்து, நான் மூச்சு விடுவதுகூடப் பயணிகளுக்குக் கேட்கிறது. புது உறை கேட்டு எழுதிப்போட்டிருக்கிறேன்.

மழை வரும்போல் இருக்கிறது. வக்கீலம்மா எதிர்மனுவுக்காகக் காத்திருக்கிறாள்.

நீ கேட்டுக்கொண்டபடி அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. எனக்கே அதைத் தெரிந்துகொண்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை.

புத்தகம் வேண்டுமா?

அக்கா


ஜூலை 1

அக்கா,

எதிர்மனுவின் நகல் எனக்கும் வந்தது. நீ ஏன் மைக் உறையைப் பற்றி எழுதினாய் என்று இப்போது தெரிகிறது.

'கைதியின் தாயார் அளித்த வாக்குமூலம்.' படித்தேன். 'என் மகனுக்குக் காது நன்றாகக் கேட்கும். காதில் மாட்டியிருந்தது பாட்டுக் கேட்பதற்கு.' கீழே அம்மாவின் கையெழுத்து. அந்தக் கடைசி எழுத்துக்கு அவள் போடும் சுழி.

நேற்று முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்டர் சொன்னது சரி. மட்டமான நிறம்.

கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை, அக்கா. பக்கத்து வீடு, எதிர் வீடு, கல்யாண வீடு என்று எல்லாரிடமும் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லியிருக்கிறாள். "பாட்டுப் பைத்தியம், எப்பவும் காதுல மாட்டிக்கிட்டே திரிவான்." சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. சாவிக்கொத்துக்கும் அம்மாவுக்கும் ஒரே வாக்கியம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு நாளுக்கு முன் ஜெயிலர் ஒரு தாளோடு வந்தார். ஏதோ வாசித்தார். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தலை பாதி ஆடிவிட்டது. பிடித்து நிறுத்தினேன். தாளை வாங்கிப் படித்தேன். வழக்கை வாபஸ் பெறச் சம்மதம் என்றிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாதியில் நின்ற தலையை முழுவதும் ஆடியதாக எழுதாமல் இருந்தால் சரி.

ஒன்று. தட்டு விஷயத்தை அம்மாவிடம் சொல்லாதே என்று உன்னைத்தான் கேட்டுக்கொண்டேன். வக்கீலம்மாவை அப்படி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதத்தை யார் படித்தாலும் பரவாயில்லை.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் கையில் அந்தத் தாள் வந்துசேர வேண்டாம் என்று நினைத்தேனே ஒழிய, அது வந்தே தீரும் என்று யோசிக்கவில்லை.

நான் வேலைக்குப் போயிருந்த நேரம். நன்றாக உடுத்திய ஆள் ஒருவன் வந்திருக்கிறான். டீயைக் குடித்துவிட்டு, "இப்படி ஒரு டீ குடிச்சு எத்தனை நாளாச்சுங்கம்மா" என்றானாம். சன்னல் திரை அழகாக இருக்கிறது என்றானாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அப்புறம், "உங்க பையன் செவிடுன்னு வெளியில யாரோ பேசிக்கிறாங்களே?" என்று கேட்டிருக்கிறான். போதாதா? நம் அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னால்! "எவன் சொன்னது? என் பிள்ளைக்குப் பாம்புக் காது!" அவன் எழுதிக்கொண்டான். இவள் கையெழுத்துப் போட்டாள். போகும்போது டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனானாம். "எவ்வளவு மரியாதையான பையன் தெரியுமா" என்று என்னிடமே சொல்கிறாள்.

நான் கத்தினேன். "அவன் நமக்கு எதிரா வந்தவன்மா!" அம்மா துணி மடித்துக்கொண்டே, "உண்மையைத்தானே சொன்னேன்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. சுவரைப் பார்த்து, "டீத்தூள் தீர்ந்துபோச்சு" என்பாள். சுவர் போய் வாங்கி வரும்.

சாப்பாட்டு நேரத்தில் சுவிட்சைத் தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வாக்குமூலம் கொடுத்தவளைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க வேண்டும் என்று வக்கீலம்மா மனுப் போட்டிருக்கிறாள். அடுத்த மாதம். உன் கடிதத்தின் அந்தக் கடைசிப் பகுதியை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். "அவருக்கு அம்மா மேல எவ்வளவு நம்பிக்கை" என்றாள்.

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் கூட்டிக்கொண்டு வருவேன். முழங்கால் வலித்தால் தூக்கிக்கொண்டாவது.

அக்கா


ஆகஸ்ட் 23

அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும், இதற்கு உடனே பதில் எழுதும் அளவுக்காவது.

நான் அங்கேதான் இருந்தேன். வார்டர்களுக்கு நடுவில், ஓரத்து பெஞ்சில். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றிய வழக்கை ஊமைப்படமாகப் பார்த்தேன்.

முதலில் நீதிபதி என்னிடம் ஏதோ கேட்டார், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. அவர் வழுக்கை மட்டும் தெரிந்தது. கழுத்து அசையத் தொடங்கியது. அம்மா முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை. பள்ளி வாசலில் விட்டுவிட்டுப் போகும்போது பார்ப்பாளே, 'ஆட்டு' என்று. ஆட்டவில்லை. "எனக்குக் கேக்கலைங்க" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. நாலைந்து பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நீதிபதி நிமிர்ந்தார். மறுபடி ஏதோ சொன்னார், இந்தத் தடவை பேனா வாயை மறைத்தது. "கேக்கலைங்க" என்றேன் மறுபடியும். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். எனக்கு முதுகுதான் தெரிந்தது. அரசு வக்கீல் சிரித்துச் சிரித்துக் கேட்டார். அவள் தலை நிமிர்ந்திருந்தது. வக்கீலம்மா எழுந்தாள். அம்மாவின் தோள் இறுகியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீலம்மா வெகுநேரம் பேசினாள். அம்மா சட்டென்று அரசு வக்கீல் பக்கம் திரும்பினாள். அவள் கை மேலே போயிற்று. ஒரு விரல். மேலே, கீழே. மேலே, கீழே.

சுவரே இல்லாத இடத்தில்.

அப்புறம் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

அவள் என்ன சொன்னாள்? ஒரு சொல் விடாமல் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

உன் கடிதம் கைக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு, மழை, விலைவாசி எல்லாம் இன்னொரு நாளைக்கு.

அரசு வக்கீல் கேட்டது இரண்டே கேள்வி.

"உங்க மகனுக்குக் காது கேக்குமாம்மா?"

"நல்லாக் கேக்கும்."

"காதுல போட்டிருந்தது?"

"பாட்டுக் கேக்குறதுங்க."

அவர் நீதிபதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். வக்கீலம்மா எழுந்தாள்.

"உங்க மகனுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எதும்மா?"

"எல்லாப் பாட்டும் பிடிக்கும்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அம்மா யோசித்தாள். அப்போதுதான் பின்னால் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரித்தவனின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. வக்கீலம்மா சிரிக்கவில்லை. "சரி, அதை விடுங்க. வேற ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்க மகன் இருக்கிற இடத்துல, சாப்பாட்டு நேரத்துக்கு வார்டர் கதவுக்கு வெளிய நின்னு ஒரு தடவை பேரைச் சொல்லுவாரு. உள்ள இருந்து பதில் வந்தா தட்டு உள்ள போகும். பதில் வரலேன்னா தட்டு திரும்பிப் போயிடும். உங்க மகன் தட்டு நிறைய நாள் திரும்பிப் போயிருக்கு. அவரே சாப்பாடு வேணாம்னு அடம் பிடிக்கிறாருன்னு இவங்க எழுதி வெச்சிருக்காங்க."

"யாரு? அவனா? சாப்பாடு வேணாம்னா?"

"கூப்பிட்டும் வரலையாம்."

அப்போதுதான் திரும்பினாள். அரசு வக்கீலைப் பார்த்து.

"கூப்பிட்டீங்களா? எப்படிக் கூப்பிட்டீங்க?"

அவர் எழுந்து, "பேரைச் சொல்லித்தான்ம்மா" என்றார், பாவம், மரியாதையாகவே.

"வெளிய நின்னா?"

"ஆமா."

"கூறுகெட்ட மனுஷங்களா! வெளிய நின்னு கத்தினா அவனுக்கு எப்படிய்யா கேக்கும்? விளக்கைப் போட்டு அணைக்கணும்யா! ரெண்டு தடவை! அவன் தவழ்ந்த நாள்லேர்ந்து நான் அப்படித்தானே..."

நின்றுவிட்டாள். கை அப்படியே மேலே. உனக்கு முதுகு, எனக்கு முகம். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "திரும்பச் சொல்லுங்கம்மா, என்ன சொன்னீங்க?" என்றார்.

அம்மா கையை இறக்கினாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள், வீட்டில் பெரிய பாத்திரம் துலக்கப் போகும்போது செய்வாளே, அப்படி.

"அவனுக்குக் காது கேக்காதுங்க. பொறந்ததுலேர்ந்தே கேக்காது. அது பாட்டுக் கேக்குறது இல்ல, காது மெஷின். நான்தான் ஊருக்காக அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எழுதிக்கங்க." அரசு வக்கீலைப் பார்த்து, "நீங்களும் எழுதிக்கங்க. அன்னைக்கு வந்த தம்பிகிட்டயும் சொல்லிடுங்க" என்றாள்.

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தட்டு விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "அதுக்குத்தான் நீ ஒழுங்காச் சாப்பிடலையா" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசியது அதுதான்.

வீட்டுப் படியேறும்போது எதிர்வீட்டுக்காரி, "என்ன, பையனோட கேஸு என்னாச்சு?" என்றாள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, "காது கேக்காத பிள்ளைய வெளிய நின்னு கூப்பிட்டிருக்கானுங்க" என்றாள். ஏதோ இவள் காலமெல்லாம் சொல்லிவந்த செய்தியை அவர்கள்தான் மறைத்துவிட்டது போல.

இடைக்கால உத்தரவு போட்டாகிவிட்டது. உன் கைக்கு வந்திருக்கும். முழு விசாரணை இனிமேல்தான்.

சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கும், முதன்முறையாக இந்தக் கடிதத்தைச் சேர்ந்து படிக்கப்போகும் அம்மாவுக்கும்,

நலம். இப்போது அதை எழுதலாம்.

கருவி வந்தது. உறைக்குள் இத்தனை மாதம் கிடந்ததால் கொஞ்சம் கரகரக்கிறது. தலைமை வார்டருக்கு ஏன் அந்தப் பெயர் என்று தெரிந்துகொண்டேன். வராந்தாவின் கோடியிலிருந்தே வருகிறார். எதிர் அறைப் பெரியவருக்கு நல்ல இருமல். இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது.

வெளி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கருவியைக் கழற்றச் சொல்லிச் சோதித்த பெண், கேட்டால் கை தூக்கு என்று எழுதிக் காட்டினாள். பெரும்பாலும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுவது உடம்புக்கு எவ்வளவு ஓய்வு!

நேற்று ஜெயிலர் கூப்பிட்டுவிட்டார். மேசையில் தாள் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார், நிமிரவே இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறைக்கு மாற்றுகிறார்களாம். கண்ணாடி இல்லாத சந்திப்பாம். அம்மா வாராவாரம் வரலாம், படிக்கட்டு இல்லை. கருவிதான் கைக்கு வந்துவிட்டதே, இனி வழக்கு எதற்கு, ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. "என்னப்பா, சரிதானே?" என்றார்.

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. படிக்கட்டு இல்லை என்பது நன்றாகவே கேட்டது. கழுத்து அசையவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றேன். "இல்லைங்க" என்றேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

உத்தரவின்படி இப்போது சாப்பாட்டு நேரத்தில் வார்டர் என் அறை விளக்கை இரண்டு தடவை போட்டு அணைக்கிறார். அம்மா, நீங்கள் கூண்டில் சொன்னது அப்படியே உத்தரவில் இருக்கிறது, இரண்டு என்பது உள்பட. எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொள்கிறேன். பிறகு அவர் எதிர் அறைக்குத் திரும்புகிறார். வெளியே நின்று ஒரு தடவை பேரைச் சொல்கிறார். எனக்குக் கேட்கிறது. பெரியவருக்குக் கேட்பதில்லை. உத்தரவில் அவர் பெயர் இல்லை.

நேற்று அவருடைய தட்டு திரும்பிப் போகும் சத்தத்தை முதல்முதலாகக் கேட்டேன்.

அந்த விளக்கும் அணைந்து எரியும்வரை வழக்கு இருக்கும். வக்கீலம்மாவிடம் சொல்லிவிடு.

தம்பி